துணை கிடைக்காத கழுகு

கோவேறு கழுதையை அறியாதார் இலர். ஆண் கழுதையும் பெண் குதிரையும் கூடிப் பிறக்கும் அப்பிராணி, தாயின் உடற்கட்டையும் தந்தையின் பொறுமையையும் ஒருங்கே பெற்று, மலைப் பாதைகளிலே பொதி சுமப்பதற்கென்றே படைக்கப்பட்டது போல விளங்குகின்றது. ஆனால் அது மலடு. கழுதையினத்தையோ குதிரையினத்தையோ அது கலங்கச் செய்வதில்லை. ஒரு தலைமுறையோடு அதன் கதை முடிந்துவிடுகின்றது. இருவேறு இனங்கள் கூடினாற் பிறக்கும் பிள்ளைக்குப் பிள்ளை இராது என்று பாடசாலையிலே நாம் கற்றது இவ்வுதாரணத்தைக் கொண்டுதான். இனங்களுக்கிடையே இயற்கை ஒரு வேலி போட்டிருக்கின்றது, அவ்வேலியை அதுவே காத்தும் வருகின்றது என்று எண்ணி அமைந்துவிட்டோம்.

அந்த வேலி எவ்விடத்தும் அத்துணை உறுதியானதன்று. வடகிழக்கு ஐரோப்பாவின் சதுப்பு நிலங்களிலே இரண்டு கழுகினங்கள் அதனைக் கடந்து கூடி வருகின்றன. அவற்றுக்குப் பிறக்கும் குஞ்சுகள் மலடும் அல்ல. அதனால் விளைந்திருப்பது வினோதமான ஓர் அபாயம். வேடனின் துப்பாக்கியும் பட்டினியும் ஒருபுறம் இருக்க, கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சைப் பேணி வளர்த்துக்கொண்டிருக்கும் போதே ஒரு கழுகினம் இல்லாதொழிந்து போகக்கூடும் என்ற நிலை அங்கே தோன்றியுள்ளது.

மேலே செல்லுமுன் சொல் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுதல் நன்று. 'இனம்' என்பதை நம் நாட்டிலே பல பொருள்களில் வழங்குகின்றோம். விலங்கியலார் வழங்கும் பொருள் வேறு. தம்முட் கூடிச் சந்ததி பெருக்கி, பிற கூட்டங்களோடு இயல்பாகக் கலவாது வாழும் உயிர்க்கூட்டமே அவர்களுக்கு ஓர் இனம். அக்கணக்கில் உலகத்து மாந்தர் அனைவரும் ஓரினமே. கழுகுகளைப் பற்றிச் சொல்வனவற்றை மனிதர் மேல் ஏற்றிப் பேச முற்படுவோர் விலங்கியலையும் அறியார், மனிதரையும் அறியார்.

இரு புள்ளிக் கழுகுகள்

நாம் பேச எடுத்துக்கொண்ட இரண்டில் ஒன்று பெரும்புள்ளிக் கழுகு. மற்றையது சிறுபுள்ளிக் கழுகு. ருஷ்ய நாட்டிற் பணிபுரிந்த ஜேர்மானிய இயற்கையறிஞர் பீற்றர் சீமொன் பல்லாஸ் முன்னதற்கு 1811 இல் விஞ்ஞானப் பெயர் சூட்டினார். கிறிஸ்தியான் லூட்விக் பிரேம் என்ற பறவை நூல் வல்ல போதகர், பால்டிக் கடலோரத்துப் பொமரேனியாப் பிரதேசத்தின் பெயரைப் பின்னதற்கு 1831 இல் இட்டார். இரண்டும் கருங்கபில நிறத்தன. இளம் பருவத்திலே சிறகின் மேல் வெண்புள்ளிகள் தோன்றுவதால் இப்பெயர் பெற்றன. நம் ஊர்ச் செம்பருந்தின் சிறகு விரிவு ஏறக்குறைய 4 அடி. சிறுபுள்ளிக் கழுகு 5 அடியை ஒட்டிச் சிறகு விரிக்கும். பெரும்புள்ளிக் கழுகிலே பெரியவை 6 அடியை அண்மிக்கும்.

தூரத்தே வானிற் பறக்கும் போது இவற்றைப் பிரித்தறிவது பழகிய கண்ணுக்கும் எளிதன்று. வாழ்க்கை முறையிலோ வேற்றுமை நன்கு தெரியும். சிறுபுள்ளிக் கழுகு, காடும் வயலும் புற்றரையும் மாறிமாறி வரும் நாட்டுப்புறத்திலே மகிழ்ந்து வாழும். புல் வெட்டிய வெளிகளிலே காலால் நடந்து திரிந்து, சிற்றெலியையும் தவளையையும் பிடித்துண்ணும் அதன் காட்சி, கழுகென்றதும் நம் மனத்தில் எழும் கம்பீரத்துக்குச் சற்றும் பொருந்தாதது. பெரும்புள்ளிக் கழுகுக்கு ஈரம் வேண்டும். ஆறு கரைபுரண்டு பாயும் தாழ்நிலங்கள், நீர் தேங்கிய பழைய காடுகள், மனித நடமாட்டமற்ற பெருஞ் சதுப்புகள் ஆகியவையே அதன் வீடு. எலியோடு நீர்ப்பறவைகளும் அதற்கு இரையாகும்.

குளிர்காலப் பயணத்திலும் இரண்டும் இரு வழி. சிறுபுள்ளிக் கழுகுகள் இலையுதிர் காலத்திலே பெருங் கூட்டமாகக் கிளம்பிப் பொஸ்பரஸ் நீரிணையைத் தாண்டி, இஸ்ரேல் நாட்டின் மேலாகச் சென்று, ஆபிரிக்காவின் தென்பாதி வரையிலும் போய்ச் சேரும். நிலத்திலிருந்து எழும் வெப்பக் காற்றை ஏணியாகக் கொண்டு உயரும் பறவைகளாதலால், கடலின் மேல் நெடுந்தூரம் பறத்தல் அவற்றுக்கு அரிது. ஆகவே தரை ஒடுங்கும் இடமெல்லாம் வந்து குவிகின்றன. பெரும்புள்ளிக் கழுகுகளோ பலவாறாகச் சிதறிப் போகின்றன. ஸ்பெயின், கிரேக்கம், துருக்கி, அரேபியா, வடகிழக்கு ஆபிரிக்கா என்று அவற்றின் குளிர்கால இருப்பிடங்கள் விரிந்துள்ளன. அவ்வினம் ஐரோப்பாவோடு நில்லாது சைபீரியா கடந்து பசிபிக் கரையோரம் வரை பரந்து வாழ்வதாதலால், கிழக்கத்திய கழுகுகள் இந்தியாவுக்கும் வருகின்றன. இராஜஸ்தானத்துப் பரத்பூர்ச் சதுப்பிலே மாரிகாலத்திற் சென்று பார்ப்போர் அவற்றைக் காணலாம். அந்நாட்டிலேயே நிலையாக வாழும் இந்தியப் புள்ளிக் கழுகு என்ற மூன்றாவது உறவினரும் உண்டு. நெடுங்காலமாகச் சிறுபுள்ளிக் கழுகின் ஒரு கிளையென்றே கருதப்பட்டிருந்த அது, 2002 இல் வெளிவந்த ஆராய்ச்சியின் பின்னரே தனியினமென்று கொள்ளப்பட்டது.

இனி, இவ்விரு இனங்களும் சந்திக்கும் இடத்துக்கு வருவோம். எஸ்தோனியா, லத்வியா, லிதுவேனியா, போலந்து, பெலாரஸ், உக்ரெயின், மேற்கு ருஷ்யா ஆகிய நாடுகளிலே இரண்டும் அயலவராக வாழ்கின்றன. கலப்பு நிகழ்வதும் அங்கேதான்.

கழுத்திலே ஒரு மஞ்சட் பொட்டு

கலப்பு நிகழ்கின்றதென்பதை எவ்வாறு கண்டார்கள்? முதலிற் கண்ணால். சிறுபுள்ளிக் கழுகின் குஞ்சுக்குப் பிடரியிலே மஞ்சள் கலந்த செம்மை நிறத்தில் ஒரு பொட்டு இருக்கும். பெரும்புள்ளிக் கழுகின் குஞ்சுக்கு அது இல்லை. அதற்குப் பதிலாகச் சிறகெங்கும் பெரிய வெண்டுளிகள் தெளித்தாற் போல் இருக்கும். ஆனி, ஆடி மாதங்களிலே கூடுகளைத் தேடி மரமேறி, குஞ்சுகளின் காலில் வளையமிடச் சென்றவர்கள், பிடரியிற் பொட்டும் சிறகிற் பெருந்துளிகளும் ஒருங்கே கொண்ட குஞ்சுகளைக் கண்டார்கள். தாயையும் தந்தையையும் கூர்ந்து அவதானித்த போது இரண்டும் இருவேறு இனத்தவை என்பது புலனாயிற்று.

கண் சொன்னதை இரத்தம் உறுதி செய்தது. குஞ்சின் ஒரு துளி இரத்தமோ, கூட்டின் அடியில் உதிர்ந்து கிடக்கும் இறகொன்றோ இருந்தாற் போதும், அதிலுள்ள டி.என்.ஏ. பரம்பரையைச் சொல்லிவிடும். இதிலே மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. உயிரணுவின் கருவிலுள்ள டி.என்.ஏ. தாய் தந்தை இருவரிடமிருந்தும் வருவது. கருவுக்கு வெளியே, இழைமணி என்னும் நுண்ணுறுப்புகளிலே இருக்கும் டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே இறங்குவது. முன்னதைக் கொண்டு குஞ்சு கலப்பானதா என்று அறியலாம். பின்னதைக் கொண்டு அதன் தாய் எவ்வினத்தவள் என்று அறியலாம்.

எஸ்தோனிய நாட்டு ஆராய்ச்சியாளரான யூலோ வாலி என்பவரும் பல நாடுகளைச் சேர்ந்த அவருடைய துணைவர்களும் இவ்வழியிலே பெருமுயற்சி செய்து, இக்கலப்பு ஐரோப்பாவில் ஓரிரு கூடுகளோடு நில்லாது பரவலாக நிகழ்கின்றதென்று 2010 இல் வெளியிட்டார்கள். அவர்கள் கண்ட மற்றோர் உண்மை இன்னும் சிந்தனைக்குரியது. கலப்புச் சோடிகளிற் பெரும்பாலானவற்றிலே பெண் பெரும்புள்ளி இனத்தவள். ஆண் சிறுபுள்ளி இனத்தவன். இதன் மறுதலை அருமை.

இதற்கு உடலளவும் ஒரு காரணமாகலாம். இரைகௌவிப் பறவைகளிலே பொதுவாகப் பெண்ணே பெரியது, ஆண் சிறியது. தன்னிலும் சிறிய ஆணோடு குடும்பம் நடத்துவது கழுகுப் பெண்ணுக்குப் புதிதன்று. பெரும்புள்ளிப் பெண் தன்னிலும் மிகச் சிறிய அயலினத்து ஆணை ஏற்றுக்கொள்வதில் அந்த ஒழுங்கு குலைவதில்லை. சிறுபுள்ளிப் பெண் பெரும்புள்ளி ஆணை ஏற்பதாயின் அவ்வொழுங்கு ஏறக்குறையச் சமனாகிவிடும்.

ஏன் அயலானை ஏற்றாள்?

ஆனால் உடலளவு மட்டும் காரணமாயின், இக்கலப்பு பண்டு தொட்டே எங்கும் ஒரே அளவில் நிகழ்ந்திருக்க வேண்டும். அவ்வாறில்லை. பெரும்புள்ளிக் கழுகுகள் செறிந்து வாழும் கிழக்கிலே அவை தம்மினத்திலேயே துணை தேடிக்கொள்கின்றன. அவை அருகிப்போன மேற்கு ஓரத்திலேதான் கலப்பு மிகுந்து காணப்படுகின்றது. எஸ்தோனியாவிலே சிறுபுள்ளிக் கழுகுகள் நூற்றுக்கணக்கான சோடிகள் உண்டு. பெரும்புள்ளிக் கழுகுகளோ விரல்விட்டு எண்ணத்தக்கன. போலந்தில் அவை ஏறக்குறைய முழுவதும் பீப்ஜா ஆற்றுச் சதுப்பு ஒன்றிலேயே ஒதுங்கிவிட்டன.

மீன்களை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் கார்ல் ஹப்ஸ் 1955 இல் வெளியிட்ட கட்டுரையொன்றிலே இதன் சூத்திரத்தைக் கூறிவிட்டார். ஓரினம் அருகியும் அயலினம் மலிந்தும் ஓரிடத்திலே இருக்குமானால், அங்கே கலப்பு மிகும் என்பது அவர் கண்ட முடிபு. தன்னினத்துத் துணை கிடைக்காத உயிர், இனப்பெருக்க காலம் கடந்து போகுமுன், கிடைத்த துணையை ஏற்றுக்கொள்கின்றது. ஆறுகளிலும் ஏரிகளிலும் மீன்களிடையே அவர் கண்டது வானத்துக் கழுகுக்கும் ஒத்துவந்துவிட்டது.

அப்படியாயின் பெரும்புள்ளிக் கழுகு ஏன் அருகிற்று? சதுப்பு வற்றியதால். சதுப்பு நிலமென்றாற் பயனற்ற நிலம் என்ற எண்ணம் ஐரோப்பாவிலே நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, அந்நிலத்தைப் புற்றரையாகவும் வயலாகவும் ஆக்குதல் முன்னேற்றத்தின் அறிகுறியாகக் கருதப்பட்டது. பெலாரஸ் நாட்டின் தென்பகுதியிலுள்ள பொலேசியாப் பெருஞ் சதுப்பிலே, சோவியத் ஆட்சிக் காலத்தில், 1960 களிலிருந்து 1980 கள் வரை பரந்த அளவில் நீர் வடிக்கும் வேலைகள் நடைபெற்றன. அதன் பின்னரும் அங்கே எஞ்சிய சதுப்பில் நூற்றுக்கு மேற்பட்ட பெரும்புள்ளிச் சோடிகள் தங்கியுள்ளன என்றால், முன்பு எத்தனை இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

நீர் வடிந்த நிலம் வெறுமையாகிவிடவில்லை. அங்கே புல் வளர்ந்தது, எலி பெருகியது, சிறுபுள்ளிக் கழுகு வந்து குடியேறிற்று. ஒரே வாய்க்கால் ஓரினத்தின் வீட்டை அழித்தது. மற்றோரினத்துக்கு வீடு கட்டிக் கொடுத்தது. எஞ்சியவற்றை ஒரே முற்றத்திற் கொண்டுவந்தும் விட்டது. கலப்புக்கு வேண்டிய மூன்று காரியங்களையும் மண்வெட்டி ஒன்றே செய்து முடித்ததென்பது மிகையன்று.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

கலந்தால் என்ன? கழுகு கழுகாகத்தானே இருக்கின்றது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. விடைக்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கற்பனையே, வழி மட்டும் மெய்.

ஒரு சதுப்பிலே 10 பெரும்புள்ளிப் பெண்கள் உள்ளன என்க. அவற்றில் 4 தம்மினத்து ஆண்களை அடைந்தன. 6 சிறுபுள்ளி ஆண்களை ஏற்றன. இக்கழுகுகள் பெரும்பாலும் இரண்டு முட்டையிடும். முதல் முட்டை இட்டவுடனேயே அடைகாக்கத் தொடங்குவதால் மூத்த குஞ்சு சில நாள் முந்திப் பிறந்து வலிமை பெற்றுவிடும். பின் பிறந்த தம்பியைக் கொத்திக் கொத்திக் கொன்றுவிடும். இக்கொடுமை சிறுபுள்ளிக் கழுகிலே ஏறக்குறைய தவறாது நிகழ்வது. பெரும்புள்ளிக் கழுகிலும் பெரும்பான்மை. ஆகவே நல்ல ஆண்டிலே கூட்டுக்கு ஒரு குஞ்சு என்பதே கணக்கு. பத்துக் கூடும் பழுதின்றிப் பலித்தாலும் தூய பெரும்புள்ளிக் குஞ்சு 4 தான். எஞ்சிய 6 கலப்பு. அக்கலப்புக் குஞ்சுகள் சில ஆண்டுகளில் வளர்ந்து துணை தேடும் போது சுற்றிலும் மலிந்திருப்பது யார்? சிறுபுள்ளிக் கழுகே. பேரக்குஞ்சு முக்காற் பங்கு சிறுபுள்ளியாகிவிடும். அதற்கு அடுத்த தலைமுறையிலே பாட்டியின் சாயல் எங்கோ ஓர் இறகின் நிறத்தில் மட்டும் தங்கினாலும் தங்கலாம்.

முட்டையிடாமல் வீணே கழிந்த பெண்ணும், அயலானுக்கு முட்டையிட்ட பெண்ணும், அவ்வினத்தின் கணக்கேட்டிலே ஒன்றே. மேலும், இரண்டாமவள் தன் முழுப் பருவத்தையும் உழைப்பையும் அயலினத்தின் பெருக்கத்துக்கே கொடுத்துவிடுகின்றாள். இக்கழுகுகள் நெடுநாள் வாழ்வன, மெதுவாகப் பெருகுவன. ஒருபெண் தவறினால் ஈடு செய்யப் பல ஆண்டுகள் வேண்டும்.

இந்த இடத்திலே ஹோல்டேன் என்ற பேரறிஞரை நினைவு கூராமற் செல்லல் ஆகாது. கலப்புச் சந்ததியிலே ஒரு பால் மட்டும் பிறவாமலோ, அருகியோ, மலடாகவோ போகுமானால், அது இருவேறு பால் நிறமூர்த்தங்களைக் கொண்ட பாலாகவே இருக்கும் என்ற விதியை அவர் 1922 இல் வகுத்தார். மனிதரிலும் விலங்கிலும் அவ்வாறிருப்பது ஆண், பறவைகளிலோ பெண். ஆகவே பறவைக் கலப்புகளிலே முதலிற் பழுதுபடுவது பெண்ணே என்று எதிர்பார்க்கலாம். ஆங்கில நாட்டவரான ஹோல்டேன் 1957 இல் இந்தியாவுக்கு வந்து, அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்று, 1964 இற் புவனேசுவரத்திலே காலமானார். வேட்டியும் சட்டையும் அணிந்த அவருடைய படத்தைப் பழைய ஏடுகளிற் பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவர் விதி பல பறவைகளுக்குப் பொருந்துகின்றது. எனினும் புள்ளிக் கழுகுகளிலே கலப்புப் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தமை அவதானிக்கப்பட்டுள்ளது. அவ்விரு இனங்களையும் பிரிக்கும் சுவரிலே கதவு ஒன்று இன்னும் திறந்தே இருக்கின்றதென்பது அதனாற் புலனாகின்றது.

கலப்புக் குஞ்சு எவ்வழியே போகும்?

தாய் சிதறிப் பறப்பவள். தந்தை கூட்டத்தோடு தெற்கே செல்பவன். பிள்ளை எவ்வழியைப் பின்பற்றும்? இதனை அறியவும் ஆராய்ச்சியாளர் முற்பட்டார்கள். முதுகிலே சிறு கருவியொன்றைப் பொருத்திவிட்டால், செயற்கைக் கோள்களின் உதவியாற் கழுகு இருக்கும் இடத்தை நாள்தோறும் அறியலாம். 2018 இல் வெளிவந்த ஆராய்ச்சியின் முடிவு எவரையும் வியக்க வைப்பது. கலப்புக் கழுகுகள் புறப்படும் காலத்திலே ஒரு பெற்றோரினத்தை ஒத்திருந்தன. குளிர்காலம் கழிக்கும் இடங்களிலே மற்ற இனத்தை ஒத்திருந்தன. காலம் ஒருவரிடமிருந்தும் இடம் மற்றவரிடமிருந்தும் வந்தன போலும்!

பெரிய பறவைகள் மூத்தவற்றைப் பார்த்தே வழி அறிகின்றன என்ற கருத்து அறிஞரிடையே வலுத்திருந்தது. பரம்பரையின் பங்கு அதனிலும் பெரிதென்பதை இக்கலப்புக் குஞ்சுகள் எடுத்துக் காட்டிவிட்டன. இயற்கை தானே நடத்திய சோதனை இது; மனிதன் செய்ய நினைத்தாலும் எளிதிற் செய்திருக்க முடியாது.

கருவி பொருத்திய கழுகுகள் வேறொன்றையும் சொல்லின. 2022 ஆம் ஆண்டு வசந்தத்திலே, பொலேசியாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த 19 பெரும்புள்ளிக் கழுகுகள், உக்ரெயினில் மூண்ட போரினிடையே பறக்க நேர்ந்தது. முந்திய ஆண்டுகளோடு ஒப்பிட்டால் அவை சராசரி 85 கிலோமீற்றர் அதிகம் சுற்றிச் சென்றன. வழக்கமாக இளைப்பாறும் இடங்களிலே தங்குவதையும் குறைத்துக்கொண்டன. 2024 இல் இச்செய்தி வெளியாயிற்று. களைத்துத் தாமதித்து வரும் கழுகு கூட்டிலே என்ன செய்யும் என்பதை நம் கதையோடு சேர்த்துப் படித்துக்கொள்ளலாம்.

முதலில் வந்தவரும் கடைசியில் எஞ்சியவரும்

துணையின்மை அழிந்துவரும் இனத்துக்கு மட்டும் நேர்வதன்று. புதிய நாட்டுக்கு முதலில் வந்து இறங்கும் பறவைக்கும் அதே நிலைதான். மொரோக்கோவிலே வாழும் நெடுங்காற் பசார்டு என்ற பருந்து, ஜிப்ரால்டர் நீரிணையைக் கடந்து ஸ்பெயினின் தென்கரையில் ஒன்றிரண்டாகக் குடியேறத் தொடங்கிற்று. வந்த இடத்திலே தன்னினத்தவர் அருமை. ஐரோப்பாவின் பொதுப் பசார்டுகளோ எங்கும் உள்ளன. இரண்டும் கூடி வாழ்வது அங்கே கண்டறியப்பட்டு 2013 இல் எழுதப்பட்டது. கலிபோர்ணியாவின் சொனோமா மாவட்டத்துக் கதை இதனிலும் விசித்திரமானது. அங்கே தன் தாயகத்திலிருந்து வெகுதூரம் வழிதவறி வந்த ஒரு கரும்பருந்து, உள்ளூர்ச் செந்தோட் பருந்தோடு சேர்ந்து குஞ்சு பெற்றது. இவை இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவையும் அல்ல. 2020 இல் இதனை அறிஞர்கள் விரிவாக எழுதியுள்ளார்கள்.

பந்தயத்துக்கும் வேட்டைக்கும் மனிதர் கூண்டிலே வளர்க்கும் கலப்பு வல்லூறுகளைப் பற்றி இங்கே பேசவில்லை. அது வியாபாரம்.

கலப்பு நன்றா தீதா என்று ஒரே சொல்லில் விடை கூற விரும்புவோருக்கு இரண்டு ஆந்தைகளின் கதையைச் சொல்ல வேண்டும். பசிபிக் சமுத்திரத்திலே அவுஸ்திரேலியாவுக்கு உரிய நோர்போக் தீவில் ஒரு சிற்றாந்தை வகை இருந்தது. காடு அழிந்ததால் அதுவும் அழிந்து, 1986 இல் ஒரேயொரு பெண் மட்டும் எஞ்சியது. அவளுக்குத் துணையாக, நெருங்கிய உறவுள்ள நியூசீலந்து ஆந்தைகளில் இரண்டு ஆண்களை 1987 இற் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றில் ஒன்றோடு அவள் கூடி வாழ்ந்தாள். 1989 இற் குஞ்சுகள் பிறந்தன. அத்தீவிலே இன்றுள்ள ஆந்தைகள் யாவும் அந்த ஒரு தாயின் வழிவந்தவை. அங்கே கலப்பே உயிர்காத்தது.

ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையிலோ கதை வேறு. முதிர்ந்த காடுகளிலே மட்டும் வாழும் புள்ளி ஆந்தை 1990 இற் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. கிழக்கிலிருந்து படிப்படியாகப் பரவி வந்த பட்டை ஆந்தை அதனைத் துரத்தியும், சிலவிடங்களிலே அதனோடு கூடியும் வருகின்றது. பட்டை ஆந்தைகளில் 4,50,000 வரை 30 ஆண்டுகளிலே சுட்டுக் குறைப்பதற்கான திட்டமொன்றை அந்நாட்டு வனவிலங்குச் சேவை 2024 இல் வெளியிட்டது. ஓரிடத்திலே கலப்புக் குஞ்சு கண்ணின் மணி; மற்றோரிடத்திலே அது வேண்டாத விருந்தாளி. ஆந்தைக்கு இந்த நியாயம் விளங்கப் போவதில்லை.

வாய்க்காலை அடைக்கும் வேலை

புள்ளிக் கழுகுகளின் விடயத்தில் என்ன செய்வது? கலப்புக் கூட்டைக் கலைத்துவிடலாம் என்று சொல்பவர் இருக்கலாம். எமக்கு அது உடன்பாடன்று. கூட்டைக் கலைத்தால் ஒரு குஞ்சு குறையும். பெரும்புள்ளிப் பெண்ணுக்குத் தன்னினத்து ஆண் அதனால் வந்துவிடமாட்டான். அடுத்த ஆண்டும் அவள் அதே அயலானோடு, அல்லது அவனைப் போன்ற வேறொருவனோடு சேர்வாள். மேலும், தாயும் தந்தையும் தனித்தனியே சட்டத்தாற் காக்கப்பட்டவை. இரண்டும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பறவைப் பாதுகாப்பு விதிகளிலே முதல் அட்டவணையில் இடம் பெற்றவை. உலகக் கணக்கிலே பெரும்புள்ளிக் கழுகு ஆபத்துக்குள்ளாகக் கூடிய இனமென்று செம்பட்டியலிற் சேர்க்கப்பட்டிருக்கின்றது. சிறுபுள்ளிக் கழுகுக்கு அந்நிலை இல்லை.

செய்யத்தக்கது மெதுவான வேலை. வடித்த நீரைத் திரும்பத் தேக்குதல், பழைய வாய்க்கால்களை அடைத்தல், ஈரப் புற்றரைகளைப் புதர் மூடாமற் காத்தல், கூடுள்ள மரத்தைச் சுற்றிய காட்டிலே இனப்பெருக்க காலத்தில் மரம் வெட்டாதிருத்தல் ஆகியவையே அது. இதிலே பத்திரிகைக்கு ஏற்ற வீரச்செயல் ஒன்றுமில்லை. சேற்றில் இறங்கி நின்று மண் போட்டு வாய்க்காலை மூடுபவரைப் படம் பிடிக்க எவரும் போவதில்லை. நிலம் மீண்டும் நனைந்து, எலியும் நீர்ப்பறவையும் தவளையும் நிறைந்து, கிழக்கிலிருந்து இளங்கழுகுகள் வந்து இறங்கத் தொடங்கினால், பெண் கழுகின் முன்னே இரண்டு ஆண்கள் இருக்கும், அவளே தெரிந்தெடுத்துக்கொள்வாள். தன்னினத்தான் அருகில் இருக்கும் போது அவள் அயலானை நாடுவது அருமை என்பதற்குக் கிழக்கத்தியச் சதுப்புகளே சாட்சி.

பீப்ஜாச் சதுப்பிலே பனி உருகி ஆறு பெருகும் சித்திரை மாதத்தில் கழுகுகள் ஆபிரிக்காவிலிருந்தும் தென் ஐரோப்பாவிலிருந்தும் திரும்பி வருகின்றன. ஆண், தன் எல்லைக்கு மேலே உயர எழுவதும் சிறகை மடித்து விழுவதுமாக வானிலே நெடுநேரம் வித்தை காட்டும். காட்டின் ஓரத்திலே தொலைநோக்கியோடு அமர்ந்திருப்பவர்கள் அதன் பிடரியையும் சிறகையும் உற்று நோக்குவார்கள். சில வாரங்களுக்குப் பின், ஆல்டர் மரமொன்றின் கவரிலுள்ள கூட்டிலே பெண் அடையிருக்கக் காண்பார்கள். ஆறு வாரமளவில் முட்டை பொரியும். ஆடி மாதத்தில் ஒருவர் கயிற்றைப் பற்றி மரமேறி, குஞ்சைப் பையிலிட்டுக் கீழே இறக்குவார். வளையமிடுமுன் அவர்கள் முதலிற் செய்வது, அதன் தலையை மெல்லத் திருப்பிக் கழுத்தின் பின்புறத்தைப் பார்ப்பதுதான்.